சத்தம் போடாத பூனை நல்ல பூனையா?

எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் பத்து நிமிஷத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருவாங்க. "பரவால்லீங்களே, உங்க பூனை சத்தமே போடறதில்ல. நல்ல பூனைங்க!" கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு. ஆரம்பத்துல நானும் பெருமையாத்தான் தலையாட்டிட்டு இருந்தேன், ஏதோ நானே உட்கார்ந்து ட்ரெய்னிங் குடுத்த மாதிரி. இப்ப யாராச்சும் அப்படிச் சொன்னா எரிச்சல்தான் வருது. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போயிரும்னு தோணுது. பூனை பிடிக்காதவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

மொதல்ல ஆளை அறிமுகப்படுத்திடறேன். பேரு கோனு. சாம்பல் உடம்பு, கறுப்பு வரி, நெஞ்சுல மட்டும் கொஞ்சம் வெள்ளை. நாட்டுப்பூனை, கடுவன், ஆபரேஷன் பண்ணியாச்சு. நாங்க இருக்கறது வேலம்பாளையத்துல ஒரு மாடி வீடு. (2011-ல திருப்பூர் மாநகராட்சியோட சேர்த்துட்டாங்க, ஆனாலும் பழைய ஆளுங்க வாயில இன்னும் 15 வேலம்பாளையம்தான்.) கீழே ஜாப் ஒர்க் பண்ற நிட்டிங் யூனிட், நாலு மெஷின் ஓடுது. ஒரு மழைக்காலத்துல அங்க காலிக் கோன் மூட்டைக்குப் பின்னாடி ஒரு பூனை மூணு குட்டி போட்டுது. கொஞ்ச நாள்ல ரெண்டு குட்டியை வாயில கவ்விட்டு எங்கயோ போயிருச்சு. மூணாவது குட்டி அங்கயே கெடந்துது. கோன் மூட்டையில கெடைச்சதால கோனு. கோன்னா அரசன்னும் அர்த்தம் இருக்குன்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன். அதுக்குத் தகுந்த மாதிரிதான் நடந்துக்கறான்.

அந்தக் குட்டியை எடுத்துட்டு வந்து குடுத்தது கீழே மெஷின் ஓட்டற அண்ணன். முப்பது வருஷத்துக்குப் பக்கமா நிட்டிங் மெஷினோடயே இருக்கறவர். அவர் அன்னிக்கு சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "தம்பி, மத்த ரெண்டும் கீச்சுகீச்சுன்னு கத்துச்சு போல, ஆத்தாக்காரி வந்து தூக்கிட்டுப் போயிட்டா. இவன் கத்தல. அதான் விட்டுட்டுப் போயிட்டா."

அவர் சொன்னது நெசமான்னு எனக்கு நிரூபிக்க வழியில்ல. ஆனா குட்டி கத்தறதே தாயைக் கூப்பிடத்தான், தாயும் அந்தச் சத்தத்தை வெச்சுத்தான் தேடி வரும். கூப்பிடாத குட்டிக்கு என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

மூணு மாசம் ஆச்சு, ஆறு மாசம் ஆச்சு, ஒரு மியாவ் இல்ல. பசிச்சா தட்டு முன்னாடி போய் உக்காந்துக்குவான். கதவைத் திறக்கணும்னா கதவையே பார்த்துட்டு இருப்பான். நாம திரும்பிப் பார்த்தா வாயை மட்டும் திறந்து மூடுவான். டிவியை மியூட்ல வெச்ச மாதிரி. காத்து கூட வராது.

"காது கேக்காதோ?"ன்னு சந்தேகம் வந்தது. அதுக்கும் படிச்சுப் பார்த்தேன். பொறவியிலேயே காது கேக்காத பூனைங்க பெரும்பாலும் வெள்ளை ரோமம், நீலக் கண்ணோட இருக்கும். நம்மாளு அந்த ஜாதி இல்ல. அதுவுமில்லாம காது கேக்காத பூனைக்குத் தன்னோட சத்தம் எவ்வளவுன்னு தெரியாததால மத்ததை விட ஜாஸ்தியாத்தான் கத்துமாம். கோனு என்னடான்னா, அடுத்த ரூம்ல கருவாட்டுப் பொட்டணத்தைப் பிரிச்சா இந்த ரூம்ல முழிச்சுக்குவான். காதெல்லாம் அமோகமா கேக்குது.

தொண்டையில ஏதாச்சும் பிரச்சனையான்னு தடுப்பூசி போடப் போனப்ப டாக்டரையும் கேட்டேன். வாயைத் திறந்து பார்த்துட்டு "ஒண்ணுமில்லீங்க, சில பூனை இப்படித்தான்"னுட்டார். ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொன்னார். பொறந்ததுல இருந்தே பேசாத பூனை வேற, நேத்து வரைக்கும் பேசிட்டு இன்னிக்கு திடீர்னு நிறுத்தின பூனை வேற. ரெண்டாவதுன்னா உடனே கொண்டு வரணும். சளிக் காய்ச்சல், தொண்டைப் புண்ணு, இன்னும் பெரிய சமாச்சாரம் எதுவேணா இருக்கலாம். இதை மட்டும் எல்லாரும் மனசுல வெச்சுக்கங்க.

சரி, பூனை எதுக்குத்தான் கத்துது? இதைத் தேடப் போய்த்தான் எனக்கு இந்த வியாதி முத்திப்போச்சு. வளர்ந்த பூனைங்க ஒண்ணுக்கொண்ணு மியாவ்னு பேசிக்கறது ரொம்ப அபூர்வமாம். சண்டையில சீறும், உறுமும், ஜோடி தேடறப்ப ராத்திரியெல்லாம் ஊளை விடும். அது வேற. ஆனா இந்த "மியாவ்", அது குட்டியா இருக்கறப்ப தாய்கிட்டப் பேசின பாஷை. தாய் ஒதுக்கி விட்டப்பறம் அது தேவையில்லாமப் போயிரும். மனுஷனோட வாழற பூனை மட்டும் அதைக் கைவிடாம நம்மகிட்ட உபயோகப்படுத்துது. அதாவது மியாவ்ங்கறது பூனை பாஷையே இல்லீங்க, பூனை நமக்காகக் கத்துக்கிட்ட பாஷை.

மில்ட்ரெட் மோல்க்னு ஒரு அம்மா 1944-லயே வீட்டுப் பூனை போடற சத்தத்தையெல்லாம் உக்காந்து எழுதி, மொத்தம் பதினாறு வகைன்னு பிரிச்சுட்டாங்க. வாயை மூடிட்டே போடறது, திறந்து மூடறப்ப வர்றது, திறந்தபடியே இறுக்கிப் போடறதுன்னு மூணு கூட்டமா. அப்புறம் 2004-ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல நிகாஸ்ட்ரோங்கறவர் வீட்டுப் பூனையோட மியாவையும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையோட மியாவையும் பதிவு பண்ணி ஜனங்களைக் கேக்க வெச்சார். நம்ம வீட்டுப் பூனைங்களோட முன்னோர் இந்தக் காட்டுப்பூனை இனம்தான். கேட்டவங்களுக்கு வீட்டுப் பூனை சத்தம்தான் இனிமையா பட்டுச்சு. ஆயிரக்கணக்கான வருஷமா நம்ம கூட இருந்து, எந்தச் சத்தத்துக்கு இந்த மனுஷப்பய இறங்கி வர்றான்னு பார்த்துப் பார்த்து செதுக்கி வெச்சிருக்கற மாதிரி இருக்கு.

இதை விட பலே கில்லாடித்தனம் ஒண்ணு இருக்கு. 2009-ல இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்து கேரன் மெக்கோம்ப், தன்னோட சொந்தப் பூனை காலைல எழுப்பற தொல்லை தாங்காம ஆராய்ச்சி பண்ணினாங்க. சில பூனைங்க சாப்பாடு கேக்கறப்ப வர்ற 'குர்ர்ர்' சத்தத்துக்குள்ள, அழற மாதிரி ஒரு மெல்லிய குரலை ஒளிச்சு வெக்குதாம். பூனையே வளர்க்காதவங்க கேட்டாக்கூட "ஏதோ அவசரம் போல"ன்னு நினைச்சாங்களாம். கவனிச்சீங்களா, நம்ம கைக்குழந்தை அழற சத்தத்துக்கு நாம எப்படி துடிச்சு எந்திரிப்போமோ, அதே இடத்துல கையை வெக்குது.

இப்ப கோனுக்கு வர்றேன். அவன் பொறந்து வளர்ந்த இடம் நாலு நிட்டிங் மெஷினுக்குக் கீழே. அங்க மனுஷங்களே பேசிக்கறதில்ல. நூல் தீர்ந்துச்சுன்னா ஒரு கை ஜாடை, ஊசி போச்சுன்னா ஒரு ஜாடை, டீ வந்துச்சுன்னா ஒரு ஜாடை. கொஞ்சம் தள்ளி அனுப்பர்பாளையம் பக்கம் போனா பாத்திரப் பட்டறைங்கள்ல தட்டற சத்தம். 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45-க்கு மேல போகக்கூடாது. எங்க தெருவுல இதைச் சொன்னா டீக்கடையில சிரிச்சே வயிறு வலிச்சிரும். வீடும் கம்பெனியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கற ஊர்ல எதைக் குடியிருப்புங்கறது, எதைத் தொழிற்சாலைங்கறது?

அதனால என்னோட ஊகம் (ஊகம்தான், அடிக்க வராதீங்க): அந்த இரைச்சல்ல கத்திப் பார்த்து, யாரும் திரும்பாததால விட்டுட்டிருப்பான். இல்லேன்னா அவன் சுபாவமே அப்படியா இருக்கும். தீபாவளிக்கு ஊரே காலி ஆயிருமே, போனஸ் வாங்கிட்டு அவங்கவங்க ஊருக்குக் கெளம்பிப் போய், மெஷினெல்லாம் நின்னு, வெடிச்சத்தமும் ஓஞ்சப்பறம் ஒரு நாலு நாள் வேலம்பாளையம் வேலம்பாளையமாவே இருக்காது. அந்த நாள்ல ரெடியா காத்துக்கிட்டிருந்தேன், இப்பவாச்சும் பேசறானான்னு. ரூமுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கறவனோட 'குர்ர்ர்' இந்தப் பக்கம் கேட்டுது. அது வரைக்கும் கையை வெச்சுத் தொட்டுத்தான் தெரிஞ்சுக்குவேன். ஆனா மியாவ்? ம்ஹூம்.

இங்க ஊர்ல சொல்ற ரெண்டு வார்த்தையைப் பத்தி சொல்லியாகணும். ஒண்ணு, எங்கம்மா அடிக்கடி சொல்றது: "வாயில்லாச் சீவன்." ஆடு, மாடு, நாய், பூனை எல்லாத்துக்கும் அதே பேர்தான். மாடு கத்தற கத்துல தெருவே முழிக்கும், அதுவும் வாயில்லாச் சீவன்தான். இரக்கத்துல சொல்றதுதான், தப்பில்ல. ஆனா அதுல ஒரு சௌகரியமும் இருக்கு பாருங்க. வாய் இல்லாததுன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டா, அது என்ன சொல்லுதுன்னு கேக்கற வேலை நமக்கு இல்ல.

இன்னொண்ணு, "இந்தப் பூனையும் பால் குடிக்குமா?" அமைதியா இருக்கறவன் உள்ளுக்குள்ள ஏதோ திட்டம் வெச்சிருக்கான்னு. எங்க பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு கோனு மேல இதே சந்தேகம். "கம்முனு இருக்கற பூனையை நம்பாதீங்க சாமி, ஒரு நாளைக்கு காட்டும்"னு எச்சரிக்கை வேற. ஆக, சத்தம் போடலைன்னா ஒண்ணு நல்ல பூனை, இல்லேன்னா திருட்டுப் பூனை. நடுவுல ஒரு சும்மா பூனை இருக்கலாம்ங்கற நினைப்பே யாருக்கும் வரமாட்டேங்குது.

(மணி கட்டற யோசனையும் வந்தது. எங்க இருக்கான்னு தெரியணும்ல, கழுத்துல ஒரு சின்ன மணி கட்டிருங்கன்னு நண்பர் ஒருத்தர் சொன்னார். பூனைக்கு யார் மணி கட்டறதுங்கற கேள்விக்கு பதில் நான்தான். கட்டினேன். ரெண்டு நாள் அவன் தாவல, ஓடல, ஒரே இடத்துல உக்காந்துட்டு கழுத்தைக் கழுத்தைப் பிராண்டிட்டு இருந்தான். பூனையோட காது அறுபதாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலயும் கேக்கும், நமக்கு இருபதாயிரத்தோட கடை மூடிரும். அந்தக் காதுக்குக் கீழேயே இருபத்திநாலு மணி நேரமும் மணி அடிச்சா? மூணாம் நாள் கழட்டிட்டேன். மணி இப்ப சாவிக்கொத்துல தொங்குது.)

எரிச்சலுக்கு வர்றேன்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை. ஷிப்மெண்ட் நெருக்கடி, லேப்டாப்பை வீட்டுக்கே கொண்டு வந்து கணக்கு பார்த்துட்டு இருந்தேன். கோனு மணல் டப்பாவுக்குப் போறதும் வர்றதுமா இருந்தான். ஒரு அஞ்சாறு தடவை பார்த்திருப்பேன். வயிறு சரியில்ல போலன்னு நினைச்சுட்டு வேலையில இறங்கிட்டேன். மத்தியானம் சாப்பாடு வெச்சேன், தொடல. "வெயிலு, அதான்"னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அவன் கத்தியிருந்தா எந்திரிச்சிருப்பேனா? கண்டிப்பா எந்திரிச்சிருப்பேன். அதுதான் இன்னும் உறுத்துது.

சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு அண்ணன் படியேறி வந்தார். மெஷின் சத்தத்துலயே இருந்து இருந்து அவருக்குக் காது முக்கால்வாசி போயிருச்சு. நாம பேசறப்ப உதட்டைத்தான் பார்ப்பார். அவர் பேசினா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். படியில கோனு கால்களை உள்ள மடக்கி, தலையைத் தொங்கப்போட்டு உக்காந்திருந்தான். அண்ணன் அவனையே ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தம்பி, இவனுக்கு என்னமோ ஆகிப்போச்சு. காலைல கீழ மணல் குமிச்ச எடத்துல வந்து முக்கிட்டே கெடந்தான். மறுக்கா பத்தரைக்கு வந்தான், அப்பவும் முக்கினான். ஒரு சொட்டு ஈரம் இல்ல மணல்ல. நீ பாக்கலயா?"

நான் பாக்கல. வீட்டுக்குள்ளயே, அஞ்சடி தள்ளி உக்காந்திருந்தவன் பாக்கல. காது கேக்காத மனுஷன், நாலு மெஷினையும் பார்த்துக்கிட்டு, பூனை மணல் ஈரமாச்சா இல்லியாங்கறதையும் பார்த்திருக்கார்.

தெரியாதவங்களுக்காக: கடுவன் பூனைக்கு மூத்திரம் வர்ற குழாய் ரொம்பக் குறுகல். சின்ன உப்புத் துணுக்கோ, சளி மாதிரி அழுக்கோ அடைச்சுக்கிட்டா மூத்திரம் வெளிய வராது. பை வீங்கிரும், கழிவு ரத்தத்துல ஏறும், பொட்டாசியம் கூடிப்போய் இதயமே நின்னு போகலாம். ரெண்டு மூணு நாள்ல கதை முடிஞ்சிரும். அதனால மணல் டப்பாவுல அடிக்கடி போய் உக்காந்து, ஒண்ணும் வராம எந்திரிச்சு வர்ற கடுவனைப் பார்த்தா, மலச்சிக்கல்னு நினைச்சு வெளக்கெண்ணெய் குடுத்துட்டு உக்காந்திராதீங்க. அதே நாள் டாக்டர். ராத்திரி ஆனாலும் டாக்டர்.

அந்த ராத்திரி டாக்டரைத் தேடி அலைஞ்ச கதை தனிப் பதிவு. மாட்டுக்கு எங்க பக்கம் நல்ல நல்ல டாக்டருங்க இருக்காங்க, காங்கேயம் காளை வளர்ற சீமை இல்லீங்களா. பூனைக்கு ட்யூப் போடறவரை ராத்திரி ஒம்பது மணிக்குக் கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம். கடைசியா ஒருத்தர் கிளினிக்கை மறுபடியும் திறந்து விட்டார், அவர் நல்லா இருக்கணும். வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு என் கையைப் பிடிச்சு அங்கயே வெச்சார். சாத்துக்குடி மாதிரி கல்லா இருந்தது.

அப்பவும் கோனு கத்தல. டாக்டர் அமுக்கறப்ப வாயைத் திறந்தான், மூடினான். மியூட். அதுல கொடுமை என்னன்னா, கொஞ்ச நேரத்துல 'குர்ர்ர்'னு ஆரம்பிச்சுட்டான். சந்தோஷத்துல மட்டும்தான் பூனை அப்படிப் பண்ணும்னு நெனச்சுட்டு இருந்தேன். வலியிலயும் பயத்துலயும் கூடப் பண்ணுமாம், அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஊசி எடுத்துட்டு வந்த உதவியாளர் பையன் அவனைத் தடவிக் குடுத்துட்டே சொன்னான்:

"நல்ல பூனைங்கண்ணா. எவ்வளவு அமைதியா இருக்குது பாருங்க."

பாவம், அந்தப் பையன் அன்பாத்தான் சொன்னான். வர்ற பூனையெல்லாம் கடிச்சு பிராண்டற இடத்துல அவனுக்கு இது பெரிய விஷயம். ஆனா எனக்கு அந்த நிமிஷம் தொண்டையை அடைச்சுக்கிச்சு. சாகக் கெடக்கறவனைப் பார்த்து அமைதியா இருக்கான்னு பாராட்டு! அதே பாராட்டை நானும் தானே ரெண்டு வருஷமா வாங்கி வாங்கி சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

மயக்க ஊசி போட்டு, ட்யூப் விட்டு, மூணு நாள் ட்ரிப்ஸ் ஏத்தி ஆளைத் திருப்பிக் கொண்டு வந்தோம். செலவைச் சொன்னா வீட்ல இதைப் படிச்சுருவாங்க, வேண்டாம் :-)

இந்த இடத்துல எதிர்க்கேள்வி வரும்னு தெரியும். நண்பர் ஒருத்தர் நேர்லயே கேட்டுட்டார். "பூனைங்கறதே வலியை மறைக்கற ஜீவன். கத்தற பூனையும் இதே மாதிரி கம்முனுதான் கெடந்திருக்கும். நீ தேவையில்லாம இதுக்கு சோகப் பாட்டு போடற." அதுல பாதி நியாயம் இருக்கு. பூனை தானும் வேட்டையாடும், பெரிய மிருகத்துக்கு இரையாவும் ஆகும். பலவீனத்தைக் காட்டினா ஆபத்து, அதனால மறைக்கத்தான் பார்க்கும். பேசற பூனையும் வலியில ஒளிஞ்சுக்கும். ஒத்துக்கறேன். ஆனா பேசற பூனைக்கு ஒரு வித்தியாசம் இருக்குங்க. அது பேசறதை நிறுத்தினா வீட்ல தெரியும். "என்ன இன்னிக்கு சத்தத்தைக் காணோம்"னு யாராச்சும் தேடுவாங்க. பேசாத பூனைக்கு அந்த வசதியும் இல்ல. அது நல்லா இருக்கற நாளும் சாகற நாளும் காதுக்கு ஒரே மாதிரிதான்.

அப்புறம் இன்னொரு கூத்து. இப்ப நிறையப் பேரு பூனை வாங்கறாங்க, சந்தோஷம்தான். ஆனா விக்கறவங்க முதல் வார்த்தையே "சத்தம் போடாதுங்க, வாடகை வீட்டுக்கு செட் ஆகும்". பெர்ஷியன் பூனையை அப்படித்தான் தள்ளி விடறாங்க. சயாமீஸ் வாயாடி, பெர்ஷியன் சாதுங்கறது பொதுவா சரிதான். ஆனா மூஞ்சி சப்பையா வர்ற மாதிரியே வளர்த்து வளர்த்து, மூச்சு விடறதும் கண்ணுல தண்ணி வடியறதும் அந்தப் பூனைங்களுக்கு ஆயுசுக்கும் பிரச்சனை. அவ்வளவு ரோமத்தோட எங்க ஊரு சித்திரை வெயில்ல, மேல தகரக் கூரை, கீழ மெஷின் சூடு... சத்தம் போடாததால கஷ்டமில்லைன்னு எடுத்துக்கறதா? அமைதியான வீடு வேணும்னா பூனை எதுக்கு, மீன் தொட்டி வெச்சுக்கலாமே. (மீனும் கஷ்டப்படும், அதுக்கும் வாய் இருக்கு. சரி விடுங்க.)

இந்த "சத்தம் போடாத" பாராட்டை நான் வேற இடத்துலயும் கேட்டிருக்கேன். பனியன் கம்பெனியில செக்கிங் டேபிள்ல, அயர்ன் டேபிள்ல. "அந்தப் புள்ள வாயே திறக்காதுங்க, நல்ல புள்ள." பல வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்துல அப்படி நல்ல பேர் வாங்கின ஒரு பொண்ணு, மூணு நாள் காய்ச்சலோடயே நின்னு வேலை பார்த்துட்டு நாலாம் நாள் டேபிள் பக்கத்துலயே விழுந்துட்டா. "சொல்லியிருக்கலாமில்ல?"ன்னுதான் எல்லாரும் கேட்டோம். பக்கத்துலயே நின்ன ஒருத்தர் கூட "நாம பார்த்திருக்கலாமில்ல"ன்னு கேட்டுக்கல, என்னையும் சேர்த்துத்தான். இதுக்கு மேல எழுதினா பூனைப் பதிவு வேற எங்கயோ போயிரும், நிறுத்திக்கறேன்.

இப்ப நான் என்ன பண்றேன்னு கேட்டா, பெருசா ஒண்ணுமில்ல. காலைலயும் ராத்திரியும் மணல் டப்பாவைப் பார்க்கறேன், எத்தனை கட்டி, எவ்வளவு பெருசுன்னு. வீட்ல இருக்கறவங்களுக்கு இது அசிங்கமாப் படுது, இருக்கட்டும். தண்ணிக் கிண்ணத்தை மூணு இடத்துல வெச்சிருக்கேன். காஞ்ச தீனி மட்டும் போடறதைக் குறைச்சு, மீன் வேகவெச்ச தண்ணியோட சேர்த்துக் குடுக்கறேன். வாரம் ஒருக்கா அவனைத் தூக்கிட்டு எடை மெஷின்ல ஏறறேன், அப்புறம் நான் மட்டும் ஏறறேன், கழிச்சுக்கறேன். (இதுல என் எடை கூடிட்டே போறது தனி சோகம்.)

மூஞ்சியைப் படிக்கவும் கத்துக்கிட்டேன். 2019-ல கனடாவுல மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்காரங்க, பூனை வலியில இருக்கான்னு மூஞ்சியைப் பார்த்தே மார்க் போடற முறை ஒண்ணு கொண்டு வந்தாங்க. காது ரெண்டும் விலகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கா, கண்ணை இடுக்கியிருக்கா, வாய்ப்பக்கம் இறுகியிருக்கா, மீசை நேரா விறைச்சு முன்னால வந்திருக்கா, தலை தோளுக்குக் கீழே தொங்குதா. அவ்வளவுதான், அஞ்சே விஷயம். காசு செலவில்ல, கருவி இல்ல, பார்க்கணும், அவ்வளவுதான். அதைப் படிச்சப்ப எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. படியில நின்னு ஒரு நிமிஷம் அவர் பார்த்தது இதைத்தான். அவருக்கு மாண்ட்ரியல் எங்க இருக்குன்னு கூடத் தெரியாது.

அவர்கிட்ட இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன், உதட்டைப் பார்த்துக் கேட்டுட்டு சிரிச்சார். "மெஷினும் அப்படித்தான் தம்பி. சத்தம் மாறுனா எல்லாத்துக்கும் தெரியும். எனக்கு இப்ப சத்தம் தெரியாது, அதனால துணியைப் பாக்கறேன். ஒரு ஊசி போச்சுன்னா துணியில கோடு உழும்ல?"

இப்பவும் சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சா அவர் கீழ்ப்படியில உக்காந்து கையால தரையை ரெண்டு தட்டு தட்டுவார். கோனு எங்க இருந்தாலும் எறங்கி ஓடுவான். எதிர்ல உக்காந்து அவர் மூஞ்சியைப் பார்த்து வாயைத் திறந்து மூடுவான். அவரும் சத்தம் வராம வாயை மட்டும் அசைச்சு ஏதோ பதில் சொல்வார். என்ன பேசிக்கறாங்கன்னு மாடியில இருந்து எட்டிப் பார்க்கற எனக்கு மட்டும் இதுவரைக்கும் புரிஞ்சதில்ல.

பி.கு: கோனு போட்டோ எங்கன்னு கேப்பீங்க. போனை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவான். இருபத்தேழு போட்டோ இருக்கு, எல்லாத்துலயும் வால் மட்டும்தான். நல்ல வாலு.